சிமுலிங்க் மாதிரியை எந்த இடத்தில் பிரிப்பது?

வணக்கம். மின்சார ஸ்கூட்டர் ஒன்றின் பேட்டரி, இன்வெர்ட்டர், மோட்டார், கட்டுப்பாடு அனைத்தையும் பிளாக்குகளை இணைத்து ஓர் அமைப்பின் இயக்கத்தைக் கணினியில் பார்க்க உதவும் மென்பொருளான சிமுலிங்கில் ஒரே கோப்பாக வரைந்து வைத்திருக்கிறோம். நால்வர் அதில் வேலை செய்வதால் இப்போது பகுதிகளாகப் பிரிக்க முயல்கிறோம்.

பல பிளாக்குகளை ஒரு பெட்டிக்குள் தொகுக்கும் சாதாரண சப்சிஸ்டம் படத்தை ஒழுங்குபடுத்துமே தவிர, பிளாக்குகள் இயங்கும் வரிசையை மாற்றுவதில்லை. கோப்பும் ஒன்றாகவே இருப்பதால், இருவர் ஒரே நாளில் திருத்தினால் கோப்பு மாற்றங்களைப் பதிந்து இணைக்கும் கருவியான கிட்டில் (Git) இணைப்பது பெரும்பாடாகிறது. ஆகவே கட்டுப்பாட்டுப் பகுதியைத் தனிக் கோப்பாக்கி, ஒரு மாதிரிக்குள் இன்னொரு மாதிரிக் கோப்பைப் பயன்படுத்தும் மாடல் ரெஃபரன்ஸ் மூலம் அழைத்தோம். உடனே, அதுவரை தலைகாட்டாத அல்ஜீப்ராயிக் லூப் எச்சரிக்கை, அதாவது ஒரு பிளாக்கின் உள்ளீடு அதே கணத்தில் அதன் வெளியீட்டையே சார்ந்து சுழல்கிறது என்ற எச்சரிக்கை, வந்தது.

கட்டுப்பாட்டிலிருந்து வெளிவரும் டியூட்டி மதிப்பு (சுவிட்சுகள் இயக்கத்தில் இருக்கும் நேர விகிதம்) இன்வெர்ட்டர் வழியாகப் பேட்டரி மின்னோட்டத்தை அதே கணத்தில் தீர்மானிக்கிறது. அம்மின்னோட்டம் மின்னேற்ற அளவைக் கணிப்பதற்காக மீண்டும் கட்டுப்பாட்டுக்குள் செல்கிறது. உள்ளே அந்த உள்ளீட்டுக்கும் டியூட்டிக்கும் நேரடித் தொடர்பே இல்லை. ஆனால் முழுப் பகுதியும் ஒரே அலகாகக் கருதப்படுவதால் இச்சுழல் செயற்கையாக உருவாகிறது என்று புரிந்துகொண்டிருக்கிறேன்.

மதிப்பை ஒரு படி தாமதித்துத் தரும் யூனிட் டிலே பிளாக் வைத்தால் எச்சரிக்கை மறைகிறது. ஆனால் பிரித்ததற்காகவே ஒரு படி தாமதத்தைப் புகுத்துவது எனக்கு உடன்பாடில்லை. மின்னேற்றக் கணிப்பை மட்டும் இன்னொரு கோப்பாக்குவது நல்லதா, அல்லது அல்ஜீப்ராயிக் லூப்களைக் குறைக்கும் அமைப்புத் தெரிவே போதுமா? மாதிரியிலிருந்து நிரலைத் தானாக உருவாக்கும் கோட் ஜெனரேஷனும் செய்ய வேண்டியிருப்பதால், இவ்வழிகளில் ஒன்றைக் கையாண்டவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.