மாமர நிழலில் கனகாம்பரம்: இலை மஞ்சள், பூ இல்லை

வடக்குவாசல்:
மாமரத்தடியில் 12 டெல்லி கனகாம்பரம் செடிகள். காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு நிழல்தான். பாய்ச்சுவது போர் தண்ணீர். கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பூக்கதிர் குறைவு. ஒரு செடி இரண்டே நாளில் துவண்டுவிட்டது. யூரியா வைக்கலாமா?

மண்வெட்டி:
யூரியா வேண்டாம், அது தழைச்சத்து உரம். தழைச்சத்துக் குறை அடியிலைகளில் முதலில் தெரியும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். போர் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் அதை வேருக்குக் கிடைக்காமல் செய்துவிடும். அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். 15 நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைசல் துருப்பிடித்த நிறத்துக்கு மாறினால் கொட்டிவிடுங்கள், பலிக்காது. மண்ணில் போடுவது காசுக்குக் கேடு. சுண்ணாம்பு மண் அதையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நாற்றங்கால்:
துவண்ட செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாகவோ, பழுப்புக் கீறலாகவோ இருந்தால் நூற்புழு, வேரைத் துளைக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. அது துளைத்த வழியாகத்தான் வாடல் பூஞ்சாணம் நுழைகிறது, அதனால் பூஞ்சாண மருந்து மட்டும் ஊற்றிப் பயனில்லை. அந்தக் குழியில் மறுபடி கனகாம்பரம் வைக்காதீர்கள். மற்றச் செடிகளுக்குத் தலா 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு, கூடவே டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்) கலந்து ஒரு வாரம் ஈரமாக வைத்த தொழுவுரம் இரண்டு கை. இடையில் துலுக்கச் செவ்வந்தி நட்டால் நூற்புழு அடங்கும், ஆனால் வெயில் படும் ஓரத்தில்தான் அது வளரும்.

மண்வெட்டி:
கதிர் குறைவுக்கு நிழலும் காரணம். இது அரைநிழல் செடி. கும்மிருட்டில் தண்டு மட்டும் நீளும். மாமரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, புள்ளி புள்ளியாக வெயில் விழ விடுங்கள். பூ முடிந்த கதிரை அடியோடு கிள்ளினால் பக்கக்கிளை வெடிக்கும்.

வடக்குவாசல்:
செத்த செடிக்குப் பதில் விதை போடலாமா?

நாற்றங்கால்:
டெல்லி ரகம் விதை பிடிக்காது. நோயில்லாத செடியின் நுனித்தண்டு 10 செ.மீ. வெட்டி, கீழிலைகளை நீக்கி மணலில் ஊன்றுங்கள். விதை வைக்கும் நாட்டு ரகமென்றால் காய்ந்த காயில் தண்ணீர் பட்டதும் ‘பட்’டென்று வெடித்துச் சிதறும், கதிரைத் துணிப்பைக்குள் போட்டு நனைத்தால் விதை ஓடாது.