மடகாஸ்கர் சிக்லிட்: மூன்றாவது முறையும் முட்டை வெளுத்துவிட்டது, அவசர உதவி தேவை

புள்ளிமீன்:
வணக்கம். என்னிடம் பாராடிலாபியா என்ற மடகாஸ்கர் சிக்லிட் வகை மீன் ஒரு ஜோடி இருக்கிறது. மூன்று முறை முட்டையிட்டுவிட்டன. மூன்று முறையும் இரண்டே நாளில் முட்டைகள் சுண்ணாம்பாக வெளுத்துப் பஞ்சு பிடித்துவிட்டன. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. இன்று காலை முதல் பெண்மீன் மறுபடியும் மணலில் குழி பறிக்கிறது. என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

குளத்தூரான்:
தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். வெப்பநிலை எவ்வளவு? தொட்டி எத்தனை லிட்டர்? கூடவே வேறு மீன் ஏதும் விட்டிருக்கிறீர்களா? எந்த ஊர்? எங்கள் பக்கத்துக் கடைகளில் இந்த மீனை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

நீலத்துளி:
பூஞ்சை, வேறொன்றும் இல்லை. முட்டையிட்ட அன்றே மெத்திலீன் புளூ என்ற பூஞ்சை மருந்தை விடுங்கள். தண்ணீர் இளநீலமாக மாறினால் போதும். நான் எல்லா மீனுக்கும் இதைத்தான் செய்கிறேன்.

கழிமுகம்:
இரண்டுமே பெண்ணாக இருந்தால்? ஆண் இல்லாமலும் முட்டையிடும், கருக்கட்டாத முட்டை வெளுத்துத்தான் போகும். மடகாஸ்கரின் மங்கராஹரா ஆற்று சிக்லிட்டுக்கு இதன் தலைகீழ்ச் சிக்கல் வந்தது. லண்டன் விலங்கியல் பூங்காவில் ஆண்கள் மட்டுமே மிஞ்ச, 2013இல் அவர்கள் உலகம் முழுவதற்கும் "மணமகள் தேவை" என்று அறிவிப்புக் கொடுத்தார்கள். அதே ஆண்டில் மடகாஸ்கரிலேயே தேடிக் கொஞ்சம் மீன்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் மணமகன் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

சிக்லிட்தாசன்:
பாராடிலாபியா என்பது பேரினத்தின் பெயர். உங்களுடையது அதில் எந்த இனம்? 1868இல் பிளீக்கர் விவரித்த பொல்லேனி இனமா, 1882இல் சொவாஜ் விவரித்த பிளீக்கெரி இனமா? கடைக்காரர்கள் சிறுபுள்ளி, பெரும்புள்ளி என்று தோன்றியபடி பெயர் வைத்து விற்பார்கள், வாங்குகிறவரும் அதை அப்படியே நம்பிவிடுவார். மீனின் முழுப் பெயர்கூடத் தெரியாமல் குஞ்சு பொரிக்கவில்லையே என்று அழுவதில் என்ன பயன்? இதைப் பற்றி நான் ஏற்கனவே விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம்தான் இங்கே யாருக்கும் இல்லை.

புள்ளிமீன்:
சூரிச். 400 லிட்டர், 26 டிகிரி. வேறு மீன் இல்லை. பொல்லேனி என்று சொல்லித்தான் தந்தார்கள். பெரியதற்கு நெற்றி மேடு புடைத்திருக்கிறது, துடுப்பு நுனிகளும் நீளம், ஆகவே அது ஆண்தான்.

பஃறுளி:
மடகாஸ்கர் மீனும் நம் கரிமீனும் ஒரே குடும்பம் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு கரைகளிலும் ஒரே குடும்பத்து மீன் என்றால் நடுவே நிலம் இருந்திருக்க வேண்டும். குமரிக்கண்டத்துக்கு வேறு சான்று எதற்கு?

கழிமுகம்:
நிலம் மூழ்கவில்லை ஐயா, நகர்ந்துபோனது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டிக் கிடந்து, ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தன. குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்கிறார்களே, அந்த லெமூரியா என்ற பெயரை 1864இல் சூட்டியவர் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். மடகாஸ்கரில் லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்கும், இந்தியாவில் அதன் உறவினங்களும் காணப்படுவதற்குக் காரணம் தேடியபோது சொன்னது அது. கண்டங்கள் நகரும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

பஃறுளி:
வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவீர்கள். சங்கப் பாட்டு பொய்யா?

கழிமுகம்:
பாட்டைப் பொய் என்று நான் சொன்னேனா? மீனை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

சிக்லிட்தாசன்:
இருவருக்கும் ஒரு திருத்தம். கரிமீனுக்கு நெருங்கிய உறவு பாரெட்ரோப்ளஸ் என்ற வேறொரு மடகாஸ்கர் சிக்லிட். பாராடிலாபியா வேறு கிளை. சண்டை போடுவதென்றால் சரியான மீனை வைத்துப் போடுங்கள்.

குளத்தூரான்:
உறவு கிடக்கட்டும். அங்கே இந்த மீன்களுக்கு எமன் யார் தெரியுமா? நம் ஊர் ஏரிகளை நிரப்பியிருக்கும் ஜிலேபிக் கெண்டையின் உறவினர்கள்தான். திலாப்பியாவைக் கொண்டுபோய் ஆறுகளில் விட்டார்கள், காட்டையும் அழித்தார்கள். பிறகு உள்ளூர் மீனுக்கு இடம் எங்கே?

தொட்டிக்காரி:
தம்பி புள்ளிமீன், நான் ஒன்று கேட்கிறேன். முட்டை எப்படி இருந்தது? கல்லில் ஒட்டியிருந்ததா, கொத்தாகக் கிடந்ததா? முட்டையிட்ட பிறகு நீங்கள் ஏதாவது செய்தீர்களா?

புள்ளிமீன்:
கல்லில் ஒட்டவில்லை அக்கா. குழியில் திராட்சைக் குலை போலக் கொத்தாகக் கிடந்தது. பூஞ்சையால்தான் ஒட்டிக்கொண்டது என்று நினைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சிறு பெட்டியில் பரப்பி வைத்தேன். மூன்று முறையும் அப்படித்தான். எல்லாரும் செய்வதுதானே என்று எழுதவில்லை.

தொட்டிக்காரி:
அதுதான் தம்பி வினை. இந்த மீனின் முட்டைகள் மெல்லிய இழைகளால் தாமாகவே கோத்துக்கொள்ளும். மற்ற சிக்லிட் போலக் கல்லில் ஒட்டாது. என் தொட்டியில் தாய்மீன் அந்தக் குலைக்கு மேலேயே நின்று பக்கத்துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஒரு முட்டை வெளுத்தால் உதட்டு நுனியால் அதை மட்டும் கிள்ளி எடுத்துவிடும், பக்கத்து முட்டை அசையாது. அந்த வேலைக்கு உங்கள் இடுக்கி ஈடாகுமா? இழை அறுந்து, முட்டை காயப்பட்டு, நீரோட்டமும் இல்லாத பெட்டியில் கிடந்தால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? இந்த முறை கையை வைக்காதீர்கள். விளக்கைக் குறையுங்கள், தொட்டி முன் போய் நிற்காதீர்கள். ஆண் துரத்தினால் பெண் ஒதுங்க ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

நீலத்துளி:
கூடவே இரண்டு சொட்டு மெத்திலீன் புளூவும்.

தொட்டிக்காரி:
வேண்டாம்.

பஃறுளி:
கழிமுகம் அவர்களே, நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

புள்ளிமீன் (பதினோரு நாள் கழித்து):
குஞ்சுகள் நீந்துகின்றன. எண்ண முடியவில்லை. நன்றி அக்கா.

குளத்தூரான்:
படம் போடுங்கள் தம்பி.

நீலத்துளி:
மருந்து விட்டீர்களா, இல்லையா?