புதுப்பிப்பு: அந்தக் கடைசி அடி டபுள் இல்லை, சிங்கிள்தான்

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பொள்ளாச்சியில் ஒரு பேஸ்பால் ஆட்டம், 4-4 சமம், கடைசி இன்னிங்ஸ், மூன்றாம் பேஸில் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடம்தான் பேஸ்) எங்கள் ஆள். அடித்த பந்து தென்னந்தோப்பு வேலி வரை உருண்டது. அவன் ஹோமுக்கு, அதாவது ரன் கிடைக்கும் கடைசி பேஸுக்கு, வந்துவிட்டான், அடித்த தம்பியும் இரண்டாம் பேஸைத் தொட்டுவிட்டான். ஸ்கோர் ஷீட்டில் டபுள் (இரண்டு பேஸ் அடி) என்று எழுதினேன், சரியா?

சரியில்லைங்க. விதிப்புத்தகத்தில் 9.06-ஆம் விதியை வரி வரியாகப் படித்தேன். வெற்றி ரன் எடுத்தவர் அந்த அடியில் எத்தனை பேஸ் கடந்தாரோ, அடித்தவருக்கும் அத்தனைதான். அதையும் அவர் ஓடித் தொட்டிருக்க வேண்டும். மூன்றிலிருந்து ஹோமுக்கு ஒரே பேஸ், ஆக, சிங்கிள். எங்கள் ஆள் இரண்டாம் பேஸில் நின்றிருந்தால் டபுள் கிடைத்திருக்கும்.

பந்து பறந்தே வேலியைத் தாண்டினால் கதை வேறு: ஹோம் ரன், எல்லா ரன்னும் சேரும். ஆனால் அடித்தவர் எல்லா பேஸையும் சுற்றி வந்தாக வேண்டும். 1999 அக்டோபர் 17 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மெட்ஸ் அணி வீரர் ராபின் வென்ச்சுரா, மூன்று பேஸிலும் ஆள் இருக்க, வேலிக்கு வெளியே அடித்தார். சந்தோஷத்தில் சக வீரர்கள் வழியிலேயே மறித்துத் தூக்கிவிட்டார்கள். சிங்கிள் என்றே பதிவானது, ஸ்கோர் 4-3.

ஷீட்டைத் திருத்திவிட்டு, தம்பியிடம் நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்தான். அப்புறம், "ஜெயிச்சுட்டோமில்லீங்ணா, அது போதுங்" என்றான்.