பழைய நடன இயந்திரத்தைப் புதுப்பிக்க உரிமையாளரை எப்படி இணங்க வைப்பது?

இடதுகால்:

வணக்கம். நான் வழக்கமாகச் செல்லும் விளையாட்டுக்கூடத்தில் நடன இயந்திரம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதுவும் 2002-இல் வெளியான டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் எக்ஸ்ட்ரீம் (திரையில் வரும் அம்புகளுக்கேற்ப மேடையிலுள்ள அம்புப் பலகைகளை மிதித்து ஆடுவது). அதிலுள்ள பாடல்கள் எல்லாம் எங்கள் கால்களுக்கு மனப்பாடம். இரண்டாம் ஆட்டக்காரரின் பக்கத்தில் மேல் அம்பை எவ்வளவு சரியாக மிதித்தாலும் மூன்றில் ஒரு முறை பதிவாவதில்லை என்பதால், அந்தப் பக்கத்தில் கடினமான பாடல்களை யாரும் எடுப்பதே இல்லை. புதிய பதிப்புக்கு மாற்ற முடியுமா என்று உரிமையாளரிடம் கேட்டேன். "இருப்பதையே ஆட ஆளில்லை, இதில் புதியது எதற்கு?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. எனக்குத் தெரிந்த ஆட்டக்காரர்கள் பதினைந்து பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் வரும் நாளில் மற்றவர் வருவதில்லை. சிலர் வீட்டிலேயே மேடை போட்டு, ஸ்டெப்மேனியா என்ற இலவசக் கணினி நடன விளையாட்டில் ஆடுகிறார்கள். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு கோரிக்கை மனுவாக அவரிடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். இது பலன் தருமா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

காயின்மீட்டர்:

சில ஆண்டுகள் இப்படியொரு கூடத்தின் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மனு வேண்டாம். எங்களுக்கும் மனுக்கள் வந்தன. ஒருமுறை நாற்பது கையெழுத்துகளோடு வந்த தாளை நம்பி ஒரு பழைய இயந்திரத்தைச் செலவு செய்து சரிப்படுத்தினோம். அந்த நாற்பது பேரில் தொடர்ந்து வந்தவர்கள் ஐவரோ அறுவரோதான். மற்றவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கையெழுத்துப் போடும் நேரத்தில் வரவேண்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

உரிமையாளர் பார்ப்பது, விழும் காசுகளை எண்ணுவதற்காக இயந்திரத்தின் உள்ளே இருக்கும் காயின் மீட்டரை. நடன இயந்திரம் மேடையோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும் இடத்தில் இரண்டு மூன்று சிறிய இயந்திரங்களை நிறுத்தலாம் என்ற கணக்கு அவர் மனத்தில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே உங்கள் பதினைந்து பேரையும் வாரத்தில் ஒரே நாள் மாலையில், அதுவும் கூடம் வெறிச்சோடிக் கிடக்கும் ஒரு நாளில், வரச் செய்யுங்கள். கூட்டமுள்ள நாளில் நீங்கள் தரும் வருமானம் மற்றவற்றோடு கலந்து காணாமல் போய்விடும். வெறுமையான நாளில் அது தனியாகத் தெரியும். முதல் நாளும் எட்டாவது வாரமும் மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துவைக்கும்படி அவரிடமே கேளுங்கள். அந்த இரண்டு எண்களுக்கு முன் எந்த மனுவும் நிற்காது.

பழுதுக்காரன்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஆட்களைத் திரட்டுவதற்கு முன் மேல் அம்பைச் சரிசெய்யுங்கள். பழுதான மேடைக்கு நண்பரை ஒருமுறை அழைக்கலாம். இரண்டாம் முறை அழைத்தால் அவர் வரமாட்டார்.

இந்த வகை மேடையில் ஒவ்வோர் அம்புப் பலகையின் கீழும், மிதிப்பதைக் கண்டறியும் நான்கு உணரிகள் (சென்சார்கள்) இருக்கும். இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து எட்டு அம்புகள், ஆக முப்பத்திரண்டு உணரிகள். நான்கில் ஒன்று செத்துப்போனாலும் அம்பு வேலை செய்வதுபோலவே தோன்றும். பலகையின் அந்த ஓரத்தில் கால் விழும்போது மட்டும் விட்டுவிடும். நீங்கள் சொல்லும் "மூன்றில் ஒரு முறை" எனக்கு அப்படித்தான் படுகிறது. பலகையைக் கழற்றி உணரிகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தி, உரிமையாளருக்கான சோதனைத் திரையில் எது பதிவாகவில்லை என்று பாருங்கள். உணரி நன்றாக இருந்து பலகைதான் அதைத் தொடவில்லை என்றால், உணரியின் அடியில் ஒட்டுநாடாவை இரண்டு மூன்று மடிப்பு வைத்து உயர்த்தினாலே போதும். ஆனால் அளவுக்கு மீறி உயர்த்தினால் அம்பு மிதிக்காமலே அழுந்தி நிற்கும். உரிமையாளரின் சம்மதம் இல்லாமலும், மின்சாரத்தை நிறுத்தாமலும் ஒரு திருகைக்கூடத் தொடவேண்டாம்.

ஐந்தாம்பலகை:

எந்தப் பதிப்பைக் கேட்கப்போகிறீர்கள் என்று யாரும் பேசவில்லையே. எக்ஸ்ட்ரீம் ஓடுவது முதல் பிளேஸ்டேஷனை அடிப்படையாகக் கொண்ட சிஸ்டம் 573 என்ற மின்சுற்றுப் பலகையில். 2006-இல் வந்த சூப்பர்நோவா பதிப்பிலேயே, இதைத் தயாரிக்கும் கோனாமி நிறுவனம் அதைக் கைவிட்டு பிளேஸ்டேஷன் 2 வழிக்குப் போய்விட்டது. 2024-இல் வந்த வேர்ல்டு பதிப்பு நிறுவனத்தின் இணையச் சேவையோடு இணைந்து ஓடுவது. ஆகவே "புதிய டிஸ்க் ஒன்றைப் போட்டுவிடுங்கள்" என்று நீங்கள் கேட்டால், விவரம் தெரிந்த உரிமையாளர் சிரித்துவிடுவார்.

இடைவழியாக ஒரு காலத்தில் இருந்தது இன் தி குரூவ் என்ற வேறொரு நடன விளையாட்டு. 2004-இல் ராக்ஸர் நிறுவனம் வெளியிட்டது; ஸ்டெப்மேனியாவிலிருந்து பிறந்தது. கோனாமியின் இயந்திரப் பெட்டிக்குள்ளேயே பொருத்தும் தொகுப்பாகவும் அதை விற்றார்கள் என்பதால் 2005-இல் கோனாமியின் வழக்கு வந்து, 2006-இல் சமரசமாகி, விளையாட்டின் உரிமையே கோனாமியிடம் போய்ச் சேர்ந்தது. இன்றும் பலர் பழைய பெட்டிக்குள் கணினியை வைத்து ஸ்டெப்மேனியாவை ஓட்டுகிறார்கள். மென்பொருள் இலவசம்தான், ஆனால் காசு வாங்கி ஆடவிடும் இடத்தில் பாடல்களின் உரிமை என்னாவது என்பது உரிமையாளரின் தலையில் விழும் கேள்வி. அதை மறைத்து அவரிடம் ஆசை காட்டாதீர்கள்.

என் கையில் முடிவு இருந்தால், ஆண்டமிரோ நிறுவனத்தின் பம்ப் இட் அப் என்ற நடன இயந்திரத்தைப் பற்றியும் விசாரிக்கச் சொல்வேன். (நான் அதைத்தான் ஆடுகிறேன், ஆகையால் என் பேச்சைச் சற்றுத் தள்ளுபடி செய்தே கேளுங்கள்.) அதில் ஓர் ஆட்டக்காரருக்கு ஐந்து பலகைகள், நான்கு மூலைகளிலும் நடுவிலும், உங்கள் மேடைக்கு அது பொருந்தாது, முழு இயந்திரமாகத்தான் வாங்கவேண்டும். இன்னொன்று: பழைய குழாய்த் திரையை எடுத்துவிட்டு ஏதோ ஒரு தொலைக்காட்சியைப் பொருத்த அவர் முன்வந்தால் தடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மிதியும் எவ்வளவு நேரத்துக்குச் சரியாக விழுந்தது என்று இயந்திரம் மதிப்பிடும்; அதில் மிகக் கறாரான மதிப்பீட்டுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய 16.7 மில்லிநொடிதான் இடம். திரை அதைவிடத் தாமதித்தால், கால் சரியாக விழுந்தும் அம்பு பொய் சொல்லும்.

ஒற்றைத்தாளம்:

இவ்வளவு சுற்றுவானேன்? பதினைந்து பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தொகையைக் கையில் கொடுத்தால் அவர் மறுக்கமாட்டாரே.

காயின்மீட்டர்:

மறுக்கமாட்டார், சிக்கலே அதுதான். நீங்கள் காசு போட்டு வாங்கிய பாகம் யாருடையது? கூடத்தை மூடினாலோ இயந்திரத்தை விற்றாலோ அது எங்கே போகும்? இவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பணமாகக் கொடுப்பதைவிட, அதே தொகைக்கு ஆட்டங்களை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்பது மேல். அவருக்கு முதலீடு கிடைக்கும். உங்களுக்கு ஆட்டம் கிடைக்கும்.

இடதுகால்:

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மனுவைக் கைவிட்டோம். செவ்வாய்க்கிழமை மாலையைத் தேர்ந்தெடுத்தோம். முதல் வாரம் நான்கு பேர் மட்டுமே வந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாம் வாரம் கூடம் திறப்பதற்கு முன்பே உரிமையாளரையும் பக்கத்தில் நிற்கவைத்து மேல் அம்பைக் கழற்றினோம். பலகையின் அடியில் விரற்கடை உயரத்துக்குத் தூசி திரண்டு துணிபோல் படிந்திருந்தது. அதற்குள் ஒரு கொண்டை ஊசியும் உடைந்த பொத்தானும் கிடந்தன. பின்பக்க உணரியின் கம்பி இணைப்பிலிருந்து கழன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பழுதுக்காரன் சொன்னது அப்படியே. கம்பியைச் செருகி, பலகையை மூடி, சோதனைத் திரையைத் திறந்ததும் உரிமையாளரே ஏறி நான்கு ஓரங்களையும் ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தார். பிறகு எதுவும் சொல்லாமல் போய், மற்ற ஏழு பலகைகளையும் கழற்றுவதற்கு ஒரு திருப்புளியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கடந்த செவ்வாயன்று பதினொரு பேர் வந்தார்கள். புதிய பதிப்பைப் பற்றி நாங்கள் இன்னும் வாயெடுக்கவில்லை. எட்டாவது வாரத்துக்கு இன்னும் இரண்டு வாரங்கள் இருக்கின்றன. ஆனால் மீட்டர் எண்ணைக் குறிக்கும் தாளை அவர் இப்போது தானாகவே காசாளர் மேசையின் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார்.