துணி நர்சிங் பேட்: ஓரத்தில் கசிகிறது, வாடையும் போகவில்லை

கேள்வி – புது_அம்மா:
பால் கசிவுக்கு பிராவுக்குள் வைக்கும் நர்சிங் பேட் நானே தைத்தேன்: பனியன் துணி மூன்று அடுக்கு, 9 செ.மீ. வட்டம். ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் சுடிதாரில் ஈரம் தெரிகிறது. துவைத்தாலும் புளித்த வாடை. என்ன துணி, எத்தனை ஜோடி வேண்டும்? மழை நாளில் எப்படிக் காயவைப்பது?

ஊசிநூல்:
பனியன் துணி ஈரத்தைப் பிடித்து வைக்காது, பக்கவாட்டில் ஓட்டிவிடும். அதனால்தான் ஓரத்தில் கசிகிறது. 9 செ.மீ.யும் சிறிசு, தைத்து முடித்தபின் 12 செ.மீ. இருக்கணும்.

மேலே, உடம்பில் படும் பக்கம், காட்டன் ஃபிளானல் (மெத்தென்ற பருத்தித் துணி) அல்லது பழைய வேட்டித் துணி. நடுவில் தேங்காய்ப்பூ டவல் இரண்டு அடுக்கு. அடியில் பியூஎல் (PUL, ஒரு பக்கம் பாலியூரித்தேன் படலம் ஒட்டிய நீர் புகாத துணி). மேல் துணியையும் பியூஎல்லையும் 13 செ.மீ. வட்டமாக வெட்டி அரை செ.மீ. தையலுக்கு விடுங்க. டவலை மட்டும் 11 செ.மீ. வெட்டினால் போதும். அது தையல்வரை போனால் ஈரமும் கூடவே போகும். காட்டனை வெட்டுவதற்கு முன்னாலேயே நனைத்துக் காயவைக்கணும், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கி பேட் கோணிக்கும்.

பியூஎல்லின் பளபளப்பான பக்கம் உள்ளே, டவலைப் பார்த்து. குண்டூசி குத்தாதீங்க, ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கசிவு, கிளிப் போடுங்க. பாலியெஸ்டர் நூல்தான் சரி, பருத்தி நூல் திரி மாதிரி பாலை வெளியே இழுக்கும். 5 செ.மீ. திறந்து விட்டுப் புரட்டி, ஓரத்தில் ஒரு தையல். குழிவு வேண்டுமென்றால் டாட் (துணியை மடித்துப் பிடிக்கும் தையல்) பிடிக்கலாம், ஆனால் பேட் வைக்கும்போது அந்தத் தையல் மேல்நோக்கி வரட்டும். பால் கீழ்நோக்கித்தான் இறங்கும்.

சலவைக்கல்:
வாடைக்குக் காரணம் துணியில் தங்கும் பால் கொழுப்பு. கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசுங்க. எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் புரதம் இழையில் பிடித்துக்கொள்ளும். பிறகு வெதுவெதுப்பான நீரில் சோப்புத்தூள். கம்ஃபர்ட் மாதிரி துணி மென்மையாக்கி வகையறா வேண்டவே வேண்டாம், இழைமேல் படிந்து உறிஞ்ச விடாது. காம்புக்குத் தடவும் க்ரீமும் அதையே செய்யும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, நுரை நிற்கும்வரை அலசினால் போகும். பியூஎல்லைக் கொதிக்க வைத்தாலோ இஸ்திரி போட்டாலோ படலம் உரியும்.

தினமும் துவைத்தால் 8–10 ஜோடி. மழைக்காலத்துக்கு பியூஎல் இல்லாமல் நாலு ஜோடி கூடுதலாகத் தைத்து வீட்டில் போட்டுக்கொள்ளலாம். மின்விசிறியடியில் சீக்கிரம் காயும்.

தாய்சேய்_நர்ஸ்:
நனைந்ததும் மாற்றணும், மணிக்கணக்கு பார்க்க வேண்டாம். சூடும் ஈரமும் சேர்ந்தால் கேண்டிடா பூஞ்சை வரலாம்: காம்பு பளபளவென்று சிவக்கும், பால் கொடுத்த பிறகும் எரியும். அப்போது டாக்டரிடம் காட்டி, தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே மருந்து போடணும். குணமாகும்வரை கொதிக்க வைக்கக்கூடிய முழுப் பருத்தி பேட் நல்லது.

வெடித்த காம்பில் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீங்க, தண்ணீரில் நனைத்து எடுங்க. தடித்த பேட்டின் மேல் இறுக்கமான பிரா போட்டால் பால் கட்டிக்கும். பலருக்கு முதல் சில வாரங்களுக்குப் பிறகு கசிவு குறையும், அதனால் ஒரேயடியாக இருபது ஜோடி தைக்காதீங்க.

புது_அம்மா:
பியூஎல் கிடைக்காவிட்டால் ரெயின்கோட் துணி போடலாமா?

ஊசிநூல்:
வேண்டாம். காற்றே போகாது, நடக்கும்போது சரசரக்கும். போலார் ஃப்ளீஸ் (கம்பளி மாதிரி மெத்தென்ற பாலியெஸ்டர் துணி) ஓரளவு தடுக்கும், வெயிலில் கொஞ்சம் புழுங்கும். அதுவும் இல்லையென்றால் இன்னொரு டவல் அடுக்கு வைத்து அடிக்கடி மாற்றுங்க.