புதுப்பிப்பு: பிடிஇ-யில் படத்தைப் பார்த்துப் பேசுவது

மூன்று வாரம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: பிடிஇ என்ற கணினிவழி ஆங்கிலத் தேர்வில், படத்தை (பெரும்பாலும் எண்கள் உள்ள விளக்கப்படம்) விவரிக்கும் பகுதியில் பன்னிரண்டாவது விநாடியிலேயே வாய் கட்டிவிடுகிறது, என்ன செய்வது என்று. பார்க்க 25 விநாடி, பேச 40 விநாடி.

பலரும் சொன்ன மனப்பாட வாக்கியங்களை முதலில் முயன்றேன். எனக்கு ஒத்து வரவில்லை. தொடக்கம் மட்டும் ஜோராக வரும், அப்புறம் படத்துக்கும் பேச்சுக்கும் சம்பந்தமே இருக்காது.

கைகொடுத்தது காலைப் பேப்பரில் வரும் அணை நீர்மட்ட அட்டவணைதான்! மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, வைகைக்கு 71. எது அதிகம், எது குறைவு, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்? இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லி போனில் பதிவு செய்தேன். கேட்டால் எனக்கே வெட்கம். ஆனால் எங்கே திக்குகிறேன் என்பது தெரிந்துவிட்டது: எண்களில்.

மாதிரித் தேர்வில் ‘ஃபிஃப்டி’ என்பதற்கு ‘ஃபிஃப்டீன்’ என்று சொல்லிவிட்டு, திருத்தலாமா வேண்டாமா என்று யோசித்து நின்றேன். மூன்று விநாடி மௌனம், மைக் மூடிக்கொண்டது. மீதி 20 விநாடி போச்சு. இப்போது தப்பாகச் சொன்னாலும் நிற்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறேன்.

நேற்று ஒன்பது படத்தில் ஏழுக்கு 35 விநாடி தாண்டினேன். நாடு, ஊர் காட்டும் வரைபடம் (மேப்) வந்தால் இன்னும் உதறல்தான். தேர்வு அடுத்த சனிக்கிழமை.