வண்ணார்பண்ணை வீடு (குழு, 23 பேர்)

*புதன்கிழமை*

தேவன் சித்தப்பா 18:42
எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை இங்கே மிலானோவில் கலியாணம், முகூர்த்தம் 10.12க்கு. 9 மணிக்கே மண்டபத்தில் நிற்க வேண்டும். சூரிச்சில் இருந்து வருகிறவர்கள் எப்போது வெளிக்கிடுகிறீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வதனி 18:44
வெள்ளி விடிய 5 மணி சித்தப்பா. இரண்டு கார்.

நிரோ 18:44
5???

ஜெயா மாமி 18:46
பலகாரம் இருக்கிறது, அரியதரம் 150, பயத்தம் பணியாரம் 200. எந்தக் காரில் ஏறுகிறது? எங்கள் காரில் இடமில்லை. முன்பே சொல்லிவிட்டேன்.

பெரியம்மா ரொறன்ரோ 18:51
🎤 குரல் செய்தி 1:48

வதனி 18:54
வேலையில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். இவ்வளவு தூரம் பிளேனில் வந்து ஒரு மலையைக்கூடப் பார்க்காமல் போகமாட்டாராம். போன முறை மிலானோ போனபோது டனல் சுவரைத்தான் பார்த்தாராம். கடைசியில் குலம் மாமாவைப் பற்றியும் ஏதோ சொன்னார், அதை நான் எழுதவில்லை.

குலம் மாமா 18:55
வழியை நான் சொல்கிறேன்.

நிரோ 18:55
போச்சு

குலம் மாமா 19:09
சூரிச்சில் இருந்து மிலானோ 280 கிலோமீட்டர் அளவில். நிற்காமல் ஓடினால் மூன்றரை மணித்தியாலம். ஆனால் போன் லுசேர்ன் பக்கம் இழுத்தால் கேட்காதீர்கள். அங்கே சீலிஸ்பெர்க் டனல், ஒன்பது கிலோமீட்டர் இருட்டு. ஏரி மலைக்கு வெளியே கிடக்கும், நாங்கள் உள்ளே கிடப்போம். சூக், ஷ்வீஸ் தாண்டி ப்ரூன்னனில் ஏரிக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து ஃப்ளூலன் வரை அக்ஸன் வீதி. மலையைக் குடைந்து ஏரியின் விளிம்போடு போட்ட பாதை. தெற்கே போகும்போது ஏரி வலது கைப்பக்கம், அதனால் அக்காவை வலது பக்கச் சீற்றில் இருத்துங்கள். ப்ரூன்னனில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தால் ரூட்லி புல்வெளி தெரியும். 1291இல் மூன்று ஊர்க்காரர் சத்தியம் செய்து சுவிஸைத் தொடக்கினார்கள் என்று சொல்கிற இடம். சிசிகொன் தாண்டியதும் டெல் கோயில். வில்லாளி டெல் புயலில் படகில் இருந்து பாய்ந்து தப்பினானாம். அங்கே சொக்கலேட் கம்பனிக்காரர் சேர்ந்து கொடுத்த 37 மணிகள் தொங்குகின்றன, பாட்டுப் பாடும். ஒன்று மட்டும் கவனம். மழை பெய்தால் கல் விழுகிறது என்று அந்த வீதியை மூடிவிடுவார்கள். வியாழன் இரவே பார்க்க வேண்டும்.

வதனி 19:11
சரி மாமா

நிரோ 19:11
👍

ராசன் அத்தான் பாரிஸ் 19:14
மாமா இதுவரை எத்தனை இடத்தில் நிற்கிறார்? நான் எண்ணிக்கொண்டு வருகிறேன். 2011இல் என் தங்கையின் கலியாணத்துக்கு வரும்போது கோல்மாரில் கொக்குப் பார்க்க நின்றவர்.

குலம் மாமா 19:15
அது கொக்கு இல்லை, நாரை. அல்சாஸ் முழுக்கக் கூரைக்குக் கூரை கூடு கட்டியிருக்கும்.

ராசன் அத்தான் பாரிஸ் 19:15
தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் வந்து இருந்தீர்கள்.

ஜெயா மாமி 19:16
அன்று நான் காருக்குள்தான் இருந்தேன். எனக்கும் கொக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தேவன் சித்தப்பா 19:18
தயவுசெய்து இந்த முறை கொக்கு வேண்டாம்.

நிரோ 19:20
கோத்தார்ட் மலை டனலுக்கு முன்னால் ஸ்டவ் இருக்கும். ஜூலை வெள்ளி. போன வருடம் இரண்டு மணித்தியாலம் நின்றேன்.

பெரியம்மா ரொறன்ரோ 19:22
ஸ்டவ் எதற்கு பிள்ளை காருக்குள்ளேயே சமைக்கப் போகிறீர்களா நான் புட்டு அவித்துக்கொண்டு வருவேன்

நிரோ 19:22
😂😂😂

வதனி 19:23
பெரியம்மா, இங்கே வாகன நெரிசலை ஸ்டவ் என்பார்கள். ஜெர்மன் சொல். புட்டு அவியுங்கள், அதை ஒருவரும் மறுக்கவில்லை.

குலம் மாமா 19:31
நெரிசல் ஏன் என்றால், 16.9 கிலோமீட்டர் டனலுக்கு ஒரே ஒரு குழாய். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. 1980இல் திறந்தது. இரண்டாவது குழாய் இப்போதுதான் குடைகிறார்கள். வாசலில் லைட் வைத்துச் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விடுவார்கள். அதனால் கோஷனனில் இறங்கி மலைக்கு மேலால் போவோம். ஷொலனன் பள்ளத்தாக்கு, பேய்ப் பாலம், அன்டர்மாட், பிறகு 2106 மீட்டர் உயரத்தில் கணவாய். வருடத்தில் பாதி பனியால் பூட்டிக் கிடக்கும் வீதி, இப்போது திறந்திருக்கிறது.

பெரியம்மா ரொறன்ரோ 19:33
பேயா

குலம் மாமா 19:38
கதைதான் அக்கா. ஆற்றுக்குப் பாலம் கட்ட ஊர்க்காரரால் முடியவில்லை. பேய் கட்டிக் கொடுத்தது. கூலி, முதலில் பாலத்தைக் கடக்கும் உயிர். இவர்கள் ஒரு ஆட்டை ஓட்டிவிட்டார்கள். பேய்க்குக் கோபம் வந்து பாலத்தை உடைக்க ஒரு பெரிய கல்லைத் தூக்கியதாம், ஒரு கிழவி அதில் சிலுவைக் குறி போட்டாளாம், அதோடு கல்லைத் தூக்க முடியவில்லையாம். அந்தக் கல் இன்றும் கோஷனனில் நிற்கிறது. 220 டன். கார் வீதி போடும்போது குறுக்கே நின்றதால் 1977இல் 127 மீட்டர் தள்ளி வைத்தார்கள்.

நிரோ 19:39
இந்த முறை ராசன் அத்தானை முதலில் அனுப்புவோம்

ராசன் அத்தான் பாரிஸ் 19:40
பேய் திருப்பி அனுப்பிவிடும் தம்பி

ராசன் அத்தான் பாரிஸ் 19:41
மாமா, பகிடி இல்லை. நான் பாரிஸில் இருந்து ஏழு மணித்தியாலம் ஓடி வந்து, அடுத்த நாள் விடிய மலை ஏற வேண்டுமா? சுவிஸ் வீதிக்கு 40 பிராங் கொடுத்து வின்யெட் ஒட்டுகிறேன். அந்தக் காசுக்கு டனலாலேயே போகலாமே. நெரிசல் என்றால் பாட்டுப் போட்டுக்கொண்டு நிற்போம்.

குலம் மாமா 19:42
மலைதான் நல்லது.

ராசன் அத்தான் பாரிஸ் 19:42
ஏன்?

ராசன் அத்தான் பாரிஸ் 19:46
மாமா?

ஜெயா மாமி 19:49
ராசன், அவரை விடு. 2001 ஒக்டோபர் 24 டனலுக்குள் இரண்டு லொறி மோதி எரிந்து 11 பேர் செத்தார்கள். இவர் அப்போது கிழமைக்கு நாலு தரம் அதற்குள்ளால் லொறி ஓடியவர். அன்று எனக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டார். இரண்டு மாதம் கழித்து டனலைத் திறந்தார்கள், ஒரு தரம் ஓடிவிட்டு வந்து திறப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு டனலால் போனால் வாயே திறக்க மாட்டார். இந்த மனுசன் 17 கிலோமீட்டர் பேசாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா?

வதனி 19:51
எனக்கே தெரியாது மாமி

ராசன் அத்தான் பாரிஸ் 19:55
மலையாலேயே போவோம் மாமா.

குலம் மாமா 19:57
காட்சிக்காகத்தான் சொன்னேன்.

தேவன் சித்தப்பா 19:58
மச்சான், எந்தப் பக்கத்தால் வந்தாலும் வெள்ளி இரவு இங்கே நித்திரை கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

வதனி 20:02
கணவாயில் இருந்து இறங்கும்போது அந்தப் பழைய கல்லு வீதியா? ட்ரெமோலா? 24 வளைவு. பெரியம்மாவுக்கு யாழ்ப்பாணம் மினிபஸ்ஸிலேயே சத்தி வரும்.

குலம் மாமா 20:04
கருங்கல் பதித்த வீதி. மேலே நின்று பார்த்தால் உதறிப் போட்ட கயிறு மாதிரிக் கிடக்கும். பார்த்துவிட்டுப் புது வீதியால் இறங்குவோம். அக்கா, முன் சீற்.

நிரோ 20:05
முதலில் வலது பக்கச் சீற் என்றீர்கள்

குலம் மாமா 20:05
முன் சீற்றில் வலது பக்கம்.

நிரோ 20:08
பெலின்சோனாவுக்குப் பிறகு வெர்சாஸ்கா போகலாமா? 220 மீட்டர் அணை. கயிறு கட்டிக் குதிக்கலாம்.

ஜெயா மாமி 20:09
கலியாணத்துக்குப் போகிறோம், அந்தியேட்டிக்கு இல்லை.

வதனி 20:11
பெலின்சோனாவில் மத்தியானச் சாப்பாடு. மூன்று கோட்டை இருக்கிறது, பெரிய கோட்டைக்கு ஊர் நடுவில் இருந்து பாறைக்குள்ளால் லிஃப்ட் போகிறது. பெரியம்மாவின் முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. புட்டை மேலே வைத்துச் சாப்பிடலாம்.

பெரியம்மா ரொறன்ரோ 20:12
கோட்டையில் புட்டு சம்பலும் கொண்டுவருகிறேன்

தேவன் சித்தப்பா 20:16
கொமோவில் நிற்க வேண்டாம். கலியாணம் முடிந்து ஞாயிறு நானே கூட்டிக்கொண்டு போகிறேன். மலைக்கு ஏறுகிற கயிற்று ரயில் 1894 தொடக்கம் ஓடுகிறது, அக்காவுக்குப் பிடிக்கும். பழைய ஊருக்குள் காரை விடாதீர்கள், எல்லா இடமும் கமெரா.

ராசன் அத்தான் பாரிஸ் 20:17
எனக்கு ஒரு ஊரில் இருந்து எட்டு மாதம் கழித்துத் தண்டக் கடிதம் வந்தது. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், இன்னும் கட்டவில்லை.

தேவன் சித்தப்பா 20:19
கியாசோவில், இத்தாலி எல்லையில், 10,000 யூரோவோ அதற்கு மேலோ காசு கையில் இருந்தால் சொல்ல வேண்டும்.

ராசன் அத்தான் பாரிஸ் 20:20
காணி வித்த காசு வைத்திருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள்.

குலம் மாமா 20:21
*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

வதனி 20:21
அது இப்போது வேண்டாம். வெள்ளி 5 மணி, எங்கள் வாசலில். சரியா?

நிரோ 20:22
5.30

குலம் மாமா 20:22
4.30. ப்ரூன்னனில் வெயில் ஏறமுதல் நிற்க வேண்டும்.

பெரியம்மா ரொறன்ரோ 20:24
🎤 குரல் செய்தி 0:03

வதனி 20:25
"ஓம்" என்கிறார். எதற்கு என்று தெரியவில்லை.

ஜெயா மாமி 20:31
அரியதரம் எந்தக் காரில்?